பத்தொன்பது கிலோ எழுநூறு

லிங்கிச் செட்டித் தெரு. மாடிப்படி ஏறினால்
புதுக் கயிற்றின் வாசனை.
எங்கள் படகு மூன்றாம் கைக்கு வந்தது,
இருபத்திரண்டடி, பெயர் ஜூலி.
நாங்கள் வைத்த பெயரில்லை.
சுரண்டினால் பெயிண்டோடு ஃபைபரும் வருகிறது,
விட்டுவிட்டோம்.

எண்பதாயிரத்துக்குள் என்று பேசித்தான் வந்தோம்.
பாதிப் பங்குக்காரர் தயாபரன்
ஏழு அங்குலத் திரையின் முன்னால்
அப்படியே நின்றுவிட்டார்.
திரையில் சென்னை இருந்தது:
கூவத்தின் வாய், துறைமுகத்தின் இரண்டு கைகள்,
கடலெல்லாம் எண்கள்,
கரை வெறும் மஞ்சள்.
நான் வரி கட்டுகிற வீடு
அந்த மஞ்சளில் எங்கோ.

ஓரத்தில் ஒரு சிவப்புப் பொத்தான்.
"ஆள் விழுந்தா இதை அமுக்கணும் மேடம்,
விழுந்த இடத்தை ஞாபகம் வச்சுக்கும்"
என்றார் முஸம்மில், பில் புத்தகத்தில் கார்பன் சொருகியபடி.
இடத்தை.
ஆள் அதற்குள் நகர்ந்திருப்பாரே என்றேன்.
"ஆமா. அதுக்குத்தான் விசில்."

காம்பஸ் ஒன்றை மேசையில் வைத்தார்.
அது வடக்கென்று காட்டியது
அவருடைய இரும்புப் பீரோவை.
மூன்றடி தள்ளி வைத்ததும்
யோசித்து, தலையாட்டி,
ராயபுரம் பக்கம் திரும்பியது.
"பக்கத்துல ஸ்பீக்கர் மாட்டிராதீங்க."
தயாபரன் ஸ்பீக்கர் வாங்கி ஒரு வாரம் ஆகிறது.

அபாய மத்தாப்பில்
பால் பாக்கெட் போலக் காலாவதித் தேதி.
அதற்குள் ஒரு தரமாவது மூழ்கிவிட வேண்டும்
என்று தயாபரன் சொன்னதற்கு
யாரும் சிரிக்கவில்லை.
தீபாவளிக்குக் கொளுத்தலாமா என்றாள் மிருணா.
கூடாது, ஹெலிகாப்டர் வந்துவிடும்.
வரட்டுமே என்றாள்.

"பாப்பா எத்தனை கிலோ?"

தெரியும் என்றுதான் வாயைத் திறந்தேன்.
ஜூனில் பள்ளிக்கூடத்தில் எழுதினார்கள்.
அதற்கப்புறம் எத்தனை தோசை.
இருபது வரை ஒரு ஜாக்கெட்,
இருபதுக்கு மேல் இன்னொன்று.
பெரிதாகவே எடுத்தால் அடுத்த வருஷமும் ஆகும்;
யூனிஃபார்ம் எடுத்தே பழகிய கை, பெரியதைத் தொட்டது.
முஸம்மில் அதை மெதுவாக இழுத்துக்கொண்டார்.
"வளர்ற அளவுக்கு எடுக்கற சாமான் இல்ல மேடம்.
பெருசா இருந்தா ஜாக்கெட் மிதக்கும்.
பாப்பா கீழ உருவிடும்."

அடுத்த கட்டடம் காகித மண்டி, அங்கே தராசு.
கட்டை இறக்கிவிட்டு அவளை ஏற்றினார்கள்.
செருப்போடவா, கழற்றியா?
தண்ணீரில் செருப்பு நிற்காது.
கழற்றினோம்.
பத்தொன்பது எழுநூறு.
"ஏ ஃபோர்ல எட்டரை ரீம்" என்றார் சுமை தூக்குபவர்.
எல்லோரும் பார்க்க நானும் ஏறினேன்.
அந்த எண் இங்கே வேண்டாம்.

மாட்டி, தொடை வாரை இழுத்துப் பூட்டி
தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினேன்.
ஜாக்கெட்டோடு அவளும் வந்தாள்.
தரையில் இறக்க மனசு வரவில்லை,
கொஞ்ச நேரம் அப்படியே.

அப்போதுதான் விசிலைக் கண்டுபிடித்தாள்.
சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கு
மீன்பாடி வண்டி, வக்கீல் குமாஸ்தா, டீ கிளாஸ் தூக்கிய பையன்,
மொத்தத் தெருவும் நின்று திரும்பிப் பார்த்தது.
ஒரு நொடி.
பிறகு அவரவர் வேலை.

ஏழு அங்குலம் ஐந்தாகச் சுருங்கியது.
வாளி ஒன்று, கையடக்க வயர்லெஸ் ஒன்று,
ஜாக்கெட் நான்கு. நான்கென்றால்
ஐந்தாவது ஆளை ஏற்றக் கூடாது என்று அர்த்தம்.
என் தம்பிக்கு யார் சொல்வது?

ஆட்டோவில் சாமான் அடங்கவில்லை,
ஜாக்கெட்டுகளைப் போட்டுக்கொண்டே ஏறினோம்.
ஆரஞ்சு நிறத்தில் மூன்று பேர்,
என் மடியில் காம்பஸ்
அத்தனை இரும்புக்குள் வடக்கைத் தேடித் தேடி.
நவம்பர். காலையிலிருந்தே இருட்டு.
சென்ட்ரல் சிக்னலில் ஸ்கூட்டர்காரப் பெண் ஒருவர்
எங்களை மேலும் கீழும் பார்த்தார்.
முகம் மாறிக் கேட்டார்:
"எந்த ஏரிங்க தொறந்துட்டாங்க?"

இல்லைங்க, இது சும்மா, பொழுதுபோக்குக்கு
என்று நான் சொல்லி முடிப்பதற்குள்
பச்சை விழுந்துவிட்டது.
அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு
வந்த வழியே வேகமாகப் போனார்.