துடுப்பு மட்டும்

வலங்கைமான் மண்டபத்தில்
நாலரை ஆறு முகூர்த்தம்.
இரண்டு மணிக்கே குளித்துவிட்டு வந்த மணப்பெண்
நாற்காலியிலேயே தூங்கிப்போனாள்.
தூங்குகிற முகத்துக்கு ஃபவுண்டேஷன் போடுவது சுலபம்.
புருவம் வாக்குவாதம் செய்யாது.

முடி காயட்டும் என்று
செல்போனைக் கண்ணாடியில் சாய்த்து வைக்கிறேன்.
சீனத்துக்காரர் ஒருவர். ஐம்பது இருக்கும்.
தாடையில் மழித்த பச்சை.
கீழே பெயர் ஓடுகிறது, மூன்று எழுத்து,
ஒவ்வொன்றும் ஜன்னல் வைத்த சின்ன வீடு.
எந்த வீட்டுக்குள்ளும் எனக்கு நுழையத் தெரியாது.

வெள்ளை பூசுகிறார்.
இமையிலிருந்து கன்னம் வரை
ரோஜாச் சிவப்பை இழுத்து
எங்கே முடிகிறது என்று தெரியாமல் கரைக்கிறார்.
பதினாறு வருடமாக இதுதான் என் பிழைப்பு.
என் விரலுக்கு அது வரவில்லை.

மரச்சீவல் ஊறிய பசைத் தண்ணீரில் நனைத்து
முடிக்கற்றைகளை
நெற்றியில் பிறைபிறையாக ஒட்டுகிறார்,
காதோரம் நீளமாக இறக்குகிறார்.
பாதிக் கன்னம் காணாமல் போகிறது.
மிச்சமிருப்பதற்கு இருபது வயது.

பிறகு அந்தப் பட்டை.
ஒருவன் பின்னால் நின்று
நெல் மூட்டைக்கு வாய் கட்டுகிறாற்போல
முழங்கை மடங்க இழுத்துக் கட்டுகிறான்.
கடைக்கண் மேலே ஏறுகிறது.
கழுத்து நரம்பு புடைக்கிறது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
கீழுதடு மட்டும் கொஞ்சம்.

"சவுண்டக் குறைங்கக்கா" என்கிறாள் ஜெசிந்தா
மல்லிகைச் சரத்தைப் பல்லால் கடித்தபடி.
"பாத்திரக் கடையில அலமாரி சாஞ்ச மாதிரி இருக்கு."
குறைத்தேன்.
முதல் வாரம் எனக்கும் அலமாரிதான்.
இப்போது கால் விழுகிற இடத்தில் தட்டு விழுவது கேட்கிறது,
இல்லை, தட்டு விழுகிற இடத்தில் கால்.
எது முந்தி என்று இன்னும் பிடிபடவில்லை.

மேடையில் ஒன்றுமில்லை.
ஒரு கிழப் படகோட்டி,
அவன் கையில் ஒரு துடுப்பு.
அவள் பாவாடை நுனியைத் தூக்கி
ஒரு கால் வைக்கிறாள்.
தரை அமிழ்கிறது.
அவன் எழும்ப இவள் தாழ,
இவள் எழும்ப அவன் தாழ,
நடுவே ஒரு முழம் பலகைகூட இல்லை.
நீளக் கைத்துணி நனைந்துவிடுமென்று
சுருட்டிப் பிடித்துக்கொள்கிறாள்.

ஜெசிந்தா சரத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டாள்.
"கெணறு மாதிரி ஆழம் போல" என்றாள்.

மணப்பெண் எப்போது விழித்தாளோ.
"அந்த ஆளுக்குக் கட்டினது எனக்கும் கட்டுங்கக்கா."
சும்மா விளையாட்டுக்கு
துப்பட்டாவை நான்காக மடித்துக் கட்டினேன்.
"இன்னும் இறுக்குங்க."
இறுக்கினேன்.
"இன்னும்."
கண்ணாடியில் யாரோ ஒருத்தியின் கண்கள்.
அவற்றையே பத்து எண்ணும் வரை பார்த்திருந்தாள்.
பிறகு அவளே அவிழ்த்துவிட்டு
"சரி, பொட்டு வைங்க" என்றாள்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
நெற்றியில் விழுந்த மடிப்புத் தடத்தை மறைக்க
இரண்டு தடவை பவுடர் ஒற்ற வேண்டியிருந்தது.

எட்டே கால் பஸ்.
ஜெசிந்தா பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டாள்.
எனக்கு நிற்க மட்டும் இடம்.
கையில் மடக்கின ரிங் லைட் கம்பி.
வைகாசி முடியவில்லை,
மேட்டூரில் திறக்கவில்லை.
குடமுருட்டியில் மணலும்
மணலில் படுத்த ஒரு நாயும்.

பாலத்தின் இணைப்பில் பஸ் தூக்கிப் போட்டது.
நான் எழும்பினேன், ஜெசிந்தா தாழ்ந்தாள்.
அவளும் கவனித்துவிட்டாள்,
உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குகிறாள்.
அடுத்த இணைப்புக்கு
வேண்டுமென்றே முழங்காலைத் தளர்த்தி
கம்பியைப் பின்னுக்குத் தள்ளினேன்.
தள்ளியதில் ஏதோ கனத்தது.

"அந்தக் கம்பிய உள்ள இழுத்துக்கம்மா,"
என்றார் கண்டக்டர்,
"ஆளு மேல படுது."