கை தூக்காத கூட்டம்

வெள்ளிக்கிழமை எட்டரை மணிக்கு
எங்கள் பள்ளியில் யாரும் பேசமாட்டோம்.
பாட்டு கிடையாது, மைக் கிடையாது.
பாய் விரித்து வட்டமாய் உட்காருவோம்,
தலைமையாசிரியை, சமையல்கார எபநேசர், ஆறாம் வகுப்புப் பொடிசுகள்,
எல்லாரும் ஒரே தரையில்.
உள்ளே ஏதாவது முட்டினால் எழுந்து சொல்லலாம்.
முட்டாவிட்டால் சும்மா இருக்கலாம்.

தண்டையார்ப்பேட்டையில் சும்மா இருப்பதெல்லாம்
ஒரு பேச்சுக்குத்தான்.
துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள்
ஜன்னல் கம்பியை உலுக்கிவிட்டுப் போகும்.
கொருக்குப்பேட்டை பக்கம் கூட்ஸ் வண்டி
நின்று பெருமூச்சு விடும்.
மார்கழியில் இருமல் வேறு.
ஒருத்தர் தொடங்கினால் வட்டம் முழுக்கச் சுற்றி
மறுபடி அவரிடமே வந்து சேரும்.
இருபத்திரண்டு டிகிரிக்கே
குரங்குக் குல்லாய் மாட்டுகிற ஊர்,
தைல வாசனைதான் எங்கள் சாம்பிராணி.

அரையாண்டுத் தேர்வு முடிந்தால் ஒரு வாரம் வேலை.
பெஞ்சுக்கு ஆணி, சுவருக்குச் சுண்ணாம்பு,
மாடிக்கு ஆளுயர மூங்கில் நட்சத்திரம்.
கடைசி ராத்திரி விருந்து:
வியாசர்பாடி பூமிபாலன் வீட்டு பர்மா அத்தோ,
முட்டைகோஸ் நறுக்க நாற்பது பேர்.

இந்த வருஷம் புயல் முந்திக்கொண்டது.
காசிமேட்டிலிருந்து முப்பத்தெட்டுக் குடும்பங்கள்
கீழ்த்தள வகுப்புகளில்.
ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவுக் கரும்பலகையில்
இருபடிச் சமன்பாடு பாதியில் நிற்க
அதன்மேல் ஈரப் புடவை காய்கிறது.

நட்சத்திரம் ஏற்றுவதா? விருந்து உண்டா?
இங்கே ஓட்டு கிடையாது.
எண்ணி முடித்த பிறகு
தோற்றவர் தூக்கிய கையை எங்கே வைத்துக்கொள்வார்
என்று யாரோ எப்போதோ கேட்டார்களாம்,
அதிலிருந்து இப்படித்தான்.
எல்லார் மனசும் ஒத்துப்போகிறவரை உட்கார வேண்டும்.
போன வருஷம் கேரம் போர்டை எங்கே வைப்பது என்பதற்கே
மூன்று வெள்ளி ஆயிற்று.

டெனிஸ் எழுந்தான்: "வேண்டாம். நல்லா இருக்காது."
இருமல் ஒரு சுற்று வந்தது.
ஜுல்பிகார் எழுந்தான்: "அந்தக் காசுக்குப் பாய் வாங்கலாம்."
லாரி ஒன்று போனது.
தலைகள் ஆடத் தொடங்கின, என் தலையும்.
உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதி:
மூங்கில் சிம்பு ஏறிய விரல்
இன்னும் விண்விண் என்றது.

அப்போது கதவோரம் தேசராணி எழுந்தாள்.
ஆ பிரிவில் படிக்கிறவள்.
நாலு நாளாய் அங்கேயே தூங்குகிறவள்.
"எங்கம்மா சொல்லுச்சு, அந்த ஸ்டார நிறுத்திடாதீங்க.
பாத்ரூம் போற வழி கும்மிருட்டா கீது.
பசங்க பயப்படுதுங்க."
உட்கார்ந்தாள்.
கொஞ்ச நேரம் எதுவுமில்லை.
திரும்ப எழுந்தாள், இந்த முறை யாரையும் பார்க்காமல்:
"அப்பால, கக்கூஸ் கழுவுற லிஸ்ட்ல
எங்காளுங்க பேரும் எழுதுங்க.
நாங்க ஒண்ணும் விருந்தாளி இல்ல."

மணி அடித்ததை யாரும் கவனிக்கவில்லை.

நட்சத்திரம் மாடிக்குப் போகவில்லை.
கழிப்பறைப் பாதையில் வேப்பங்கிளையில் கட்டினோம்.
ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை,
காற்றடித்தால் தண்ணீர்த் தொட்டியில் இடிக்கும்.
பட்டியலில் திங்கட்கிழமைக்கு நேரே
தலைமையாசிரியை பெயர்,
அதன்கீழ் தேசராணியின் அம்மா, வேதவல்லி.
இரண்டு பேரும் பினாயில் எவ்வளவு ஊற்றுவது என்று
சண்டை போட்டது பின்கட்டு வரை கேட்டது.
அத்தோவில் இந்த வருஷம் யாரோ கருவாடு போட்டார்கள்.
பூமிபாலன் மூன்று நாள் பேசவில்லை.

ராத்திரிக் காவல் என் முறை.
இரண்டு மணிக்கு ஆ பிரிவிலிருந்து
அரைஞாண் மட்டும் கட்டிய ஒரு குட்டிப் பயல் வந்தான்.
நட்சத்திரத்தை அண்ணாந்து பார்த்தான்.
கழிப்பறை இன்னும் பத்தடிதான், வெளிச்சமாய்த் தெரிந்தது.
ஆனாலும் வேம்படியிலேயே நின்று
சிவப்பும் மஞ்சளுமாய் நிதானமாய்ப் பெய்துவிட்டு
உள்ளே ஓடினான்.

அடுத்த வெள்ளி இதைச் சொல்ல
எனக்குள் ஏதோ முட்டியது.
எழவில்லை.
பக்கத்தில் இருமியவருக்கு
தைலப் புட்டியை நகர்த்தினேன்.