சொல்லின் வால்

இலுலிசாட் துறைமுகம்.
ஹாலிபட் மீன் எடைபோடும் கொட்டகை.
தராசுக்குப் பக்கத்தில் ஒரு தொடுதிரை,
அதன்மேல் எப்போதும் இரண்டு செதில்.

எனோக் அன்றைக்கு இறக்கியது
முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோ.
திரை காட்டியது இருநூற்றுப் பதின்மூன்று.
கீழே இரண்டு பொத்தான்கள்:

ஒப்புக்கொள்…
ஒப்புக்கொள்…

எங்கள் மொழியில் மறுப்பு
சொல்லின் வால்பக்கம்தான் ஏறும்.
வாலை நறுக்கிவிட்டால்
ஆமாவுக்கும் இல்லைக்கும் ஒரே தலை.

அவர் இடதுபக்கம் தொட்டார்.
தொண்ணூற்றொன்பது கிலோவுக்குக் காசு வரவில்லை.

நிரலைத் திறந்தேன்.
ஆல்போர்கில் உட்கார்ந்து பிரேபன் எழுதியது,
ஏழு வருஷம் முன்னால்:
பொத்தானின் அகலம் நூற்றிருபது பிக்சல்,
குறைந்தபட்சமும் அதுவே, அதிகபட்சமும் அதுவே.
டேனிஷில் ஆமாவுக்கு இரண்டெழுத்து,
இல்லைக்கு மூன்று.
அவரைச் சொல்லி என்ன,
அந்த அறையில் வேறு மொழி எதுவும் கேட்டிருக்காது.

முதலில் எண்ணைத்தான் கூட்டினேன்.
நூற்றெண்பது. இருநூற்றறுபது.
எவ்வளவு போட்டாலும்
நாளைக்கு அதைவிட நீளமாக ஒரு சொல் வந்து நிற்கும்.
எண்களை அழித்தேன்.

‘உனக்கு எவ்வளவு இடம் வேண்டும்?’
என்று பொத்தானையே கேட்கிற
ஒரு வரி இருக்கிறது. அதைப் போட்டேன்.
கேள்வி வரிசை முழுக்கப் பரவியது:
எடைக் கட்டம் நகர்ந்து கொடுத்தது,
தேதி மடிந்து இரண்டு வரியானது,
அசையாமல் நின்றது கம்பெனிச் சின்னம் மட்டும்.
அதன் முதுகையும் தளர்த்திவிட்டேன்.

பிறகு சாளரத்தின் மூலையைப் பிடித்து
உள்ளே தள்ளினேன், தள்ளிக்கொண்டே போனேன்,
யார் முதலில் சுருங்குகிறார்கள் என்று பார்க்க.
சின்னம்.
அப்புறம் வெற்றிடம்.
சொல் சுருங்கவில்லை. ஓரிடத்துக்கு மேல்
சாளரமே நின்றுவிட்டது.

பிரேபன் தொலைபேசியில் அழைத்தார்.
“பிபாலுக், சின்னம் தபால்தலை மாதிரி ஆகிவிட்டதே?”
ஆமாம் என்றேன்,
அவர் மொழியில், இரண்டெழுத்தில்.

வியாழக்கிழமை எனோக் வந்தார்.
கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினார்.
தராசு மறுபடியும் பொய் சொல்லிக்கொண்டிருந்தது;
தராசு என் வேலையில்லை.
உதடு அசைய, எழுத்தெழுத்தாகப் படித்தார்
ஒப்புக்கொள்ள
வில்லை
என்று வால்வரை.

ஈரவிரலால் அழுத்தினார்.
உள்ளறையில் மேலாளரின் நாற்காலி
பின்னால் நகரும் சத்தம்.