கழுத்து: நான்கு

பாயான் லெப்பாஸில் மழை விடாத செவ்வாய்க்கிழமை.
மூன்றாவது மாடி, ஒன்பதாம் லைன்.
கையில் படிவம், கோணமானி, ஸ்டாப்வாட்ச்.
பன்னிரண்டு முதுகுகள் எனக்கு முன்னால்,
எல்லாம் ஒரே நீலத்தில்.

உடம்புகளைப் பாகை பாகையாகப் படிப்பது என் பிழைப்பு.
தோள் எவ்வளவு தூக்கியிருக்கிறது,
மணிக்கட்டு எங்கே ஒடிகிறது,
எந்த வலி எத்தனை வருஷத்தில் வந்து சேரும்
என்று கூட்டிச் சொல்ல அட்டவணை வைத்திருக்கிறேன்.

ஏழாம் இருக்கை. புவனமலர்.
மருத்துவக் குழாய்களின் நுனியில்
மூக்குத்தித் திருகாணி அளவு மூடி பொருத்துகிறாள்,
நிமிடத்துக்குப் பதினொன்று.
இருபது பாகைக்கு மேல் குனிவு: மூன்று.
அதோடு விடவில்லை அந்தக் கழுத்து.
நாலைந்து மூடிக்கு ஒருதரம்
சட்டென்று இடப்பக்கம் திரும்பிப்
பின்னால் எதையோ பார்த்துவிட்டு வருகிறது.
திரும்பலுக்கு ஒன்று கூட்டு.
நான்கு.

ஒரு மணி நேரத்தில் நூற்று முப்பத்தெட்டு தடவை.
குறிப்புப் பெட்டியில் எழுதினேன்:
‘தேவையற்ற அசைவு. பழக்கதோஷம். பயிற்சி தரலாம்.’
கையெழுத்து அழகாகத்தான் வந்திருந்தது.

பத்தேகாலுக்கு கேன்டீன்.
ஆறாம் இருக்கை தில்மாயா, நேபாளத்துப் பெண்,
பாதி மலாயிலும் பாதி கையாலும்
எனக்குச் சொன்னாள்:
அவளுக்குக் காது கேட்காது, காக்.
லைன் நின்றால் பஸ்ஸர் அடிக்கும்.
சிவப்பு விளக்கும் எரியும்,
ஆனால் கம்பம் அவளுக்குப் பின்னால்.
தெரியாமல் பொருத்திக்கொண்டே போனால்
அத்தனையும் ரிஜெக்ட், அவள் பெயரில்.

முன்பு ஒரு கண்ணாடி வைத்திருந்தாளாம்.
தம்பியின் கப்சாய் மோட்டாரிலிருந்து கழற்றியது.
டேப் போட்டு மேசை விளிம்பில் ஒட்டி
விளக்கைப் பிடித்து வைத்திருந்தாள் அதற்குள்.
ஆடிட் வந்தது.
‘சொந்தப் பொருள்’ என்றார்கள்.
குப்பைத் தொட்டிக்குப் போனது.

படிவத்தை மேலிருந்து கீழ் வரை தேடினேன்.
கழுத்துக்குப் பெட்டி உண்டு. காலுக்கு உண்டு.
தூக்கும் எடைக்கு மூன்று பெட்டி.
ஏன் என்று கேட்பதற்கு இல்லை.

புவனமலர் என் பேனாவை வாங்கிக்கொண்டாள்.
தாளைத் திருப்பிப் போட்டு லைனை வரைந்தாள்,
கூரையில் உட்கார்ந்து பார்த்தவள் மாதிரி.
இரண்டாம் இருக்கைக்காரி இடக்கை,
அவளுடைய தட்டு தப்பான பக்கம் இருக்கிறது.
நாலாம் இருக்கைக்கு ஆறாம் மாசம்,
கால் வைக்க ஒரு கட்டை வேண்டும்.
பதினொன்றில் இருப்பவருக்கு
மத்தியானம் ஆனால் கை நடுங்குகிறது,
யாருக்கும் சொல்லவில்லை,
பெட்டி அடுக்கும் வேலைக்கு மாற்றலாம்,
சம்பளம் குறையாமல்.
கடைசி வரியின் கீழே இரண்டு கோடு இழுத்தாள்.

மணிக்கு நூற்று முப்பத்தெட்டு தடவை
திரும்பிப் பார்த்தவள்.
நான் அங்கே நின்றது மூன்று மணி நேரம்.

அறிக்கையில் அவள் பெயரை என் பெயருக்குப் பக்கத்தில் போட்டேன்.
மேலே யாரோ அதை எடுத்துவிட்டார்கள்.
மறுபடி போட்டேன்.
விளக்கை முன்னால் நகர்த்துவது அடுத்த பட்ஜெட்டுக்காம்.
கட்டையும் தட்டும் வந்தன.
பதினொன்றுக்காரரைப் பற்றி இன்னும் பதில் இல்லை.
கண்ணாடி வந்தது, புதிது, வட்டமானது,
முதுகில் சொத்து எண் ஒட்டி.
இப்போது அது கம்பெனிப் பொருள்.

ஆறு வாரம் கழித்து மறுபடி அளக்கப் போனேன்.
மூன்று.
குனிவு குறையவில்லை, மேசை அதே மேசை.
ஒற்றைக்காலில் சாய்ந்து,
தாடையைப் படிவத்துக்குள் புதைத்து
எழுதிக்கொண்டிருந்தேன்.
நிமிர்ந்தபோது
கண்ணாடிக்குள்ளிருந்து அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
தன் பிடரியைத் தொட்டாள்.
என்னைச் சுட்டினாள்.
விரல்களை விரித்துக் காட்டினாள்:

நான்கு.