பிடி

எங்களுக்குச் சனிக்கிழமைதான் வாரத்தின் முதல் நாள்.
ஆகவே வியாழன் இரவே
கயிற்றைச் சுருட்டிப் பையின் அடியில் திணித்துவிடுவேன்.
அதன்மேல் பேரீச்சை, ரொட்டி,
ரோஷனக் எப்போதும் மறந்துவிட்டு வரும் கையுறைக்கு
மாற்றாக ஒரு ஜோடி,
எல்லாவற்றுக்கும் மேலே
கம்பளிக் காலுறைக்குள் தூங்கும் கேமரா.

மற்ற நாட்களில் நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன்.
தெஹ்ரானின் பதினெட்டு மாடிக் கிணறுகளில்
மசகெண்ணெய் பூசிய இரும்பு வடங்களோடு தொங்குகிறேன்.
ஏறினாலும் இறங்கினாலும் அங்கே
ஒரே குழல்விளக்கின் வெளிச்சம்.
"வெள்ளிக்கிழமையும் கயிறுதானா?" என்றாள் தங்கை.
"இந்தக் கயிற்றின் மறுமுனையில் ஆள் இருக்கிறது."
"லிஃப்டிலும்தான் ஆள் இருக்கிறது."
ஷூ நாடாவைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

நாலு மணிக்கு சர்பந்த் சதுக்கம்.
பீடத்தில் நிற்கும் வெண்கல மலையேறிக்கு
இன்றைக்கும் கிளம்ப நேரம் வாய்க்கவில்லை.
எரிவாயு உருளை சுமந்த கோவேறு கழுதை
எங்களை முந்திக்கொண்டு போயிற்று,
கழுத்துமணி வெகுநேரம் போகவில்லை.

ஷிர்பலா விடுதியில் பருப்பு சூப்.
ஆவியில் லென்ஸ் மங்கியது; அப்படியே ஒன்று எடுத்தேன்.
ரோஷனக் சுண்ணப்பொடிப் பையை இடுப்பில் கட்டினாள்.
வாரமெல்லாம் மருந்துக்கடையில்
அடுத்தவர் மாத்திரைகளை எண்ணும் விரல்கள்.

அப்புறம் பாறை.
குளிர்ந்த, வெளிச்சமில்லாத,
யார்மீதும் அக்கறையில்லாத பாறை.

அவள் முதலில் ஏறினாள்.
கடைசியாக மாட்டிய கொக்கி
அவள் காலுக்குக் கீழே நாலு மீட்டரில்.
"விடு" என்றாள், ஒரு முழம் விட்டேன்.
"பிடி" என்றாள், பிடித்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான்
கிழக்கு முகட்டின் பல்லிடுக்கில் நுழைந்தது சூரியன்.
கீழே நகரத்தின் புகைமூட்டம்,
நாங்கள் ஆறு நாளும் குடிக்கும் அதே புகை,
பொன்நிறத்தில் ஒரு கடலாய்த் தளும்பியது.
பாறையில் அவள் பக்கத்தில் அவள் நிழல்,
அவளைவிட இரண்டு ஆள் உயரம்,
அவள் தொடாத ஒரு விளிம்பைத்
தொட்டுக்கொண்டிருந்தது.

இரண்டு வருடமாக நான் காத்திருந்த படம்.
கேமரா என் நெஞ்சில்தான் தொங்கியது.
மூடிகூடக் கழற்றியிருந்தது.
ஒரு கை போதும். அரை நொடி போதும்.
படம் பிடிப்பதற்கும் கயிறு பிடிப்பதற்கும்
ஒரே சொல்லை வைத்தவன் யாரோ,
அவனுக்கு மூன்று கை இருந்திருக்க வேண்டும்.

பார்த்தேன்.
அவ்வளவுதான் செய்ய முடிந்தது.
அதையும் முழுதாகச் செய்தேனா தெரியவில்லை;
பாதிக் கண் அவள் குதிகாலில் இருந்தது.

அவள் அடுத்த கொக்கியை மாட்டி
"ஆச்சு" என்று கூவியபோது
பாறை பழையபடி வெறும் சாம்பல்.
மலைக்காக்கை ஒன்று
எதையோ தேடுவதுபோல் எங்களைச் சுற்றிவிட்டுப் போனது.

இறங்கும் வழியில் கேட்டாள்:
"எடுத்தாயா?"
"இல்லை."
"நல்லதாயிற்று. என் வலதுகால் அப்போது
தையல் மிஷின் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது."
"தெரியும். கயிற்றில் வந்தது."
பிறகு முதல் டீக்கடை வரும்வரை
இருவரும் பேசவில்லை.

மறுநாள் பட்டறையில் ஹூஷங் அண்ணன்
"மலைப் படம் காட்டு" என்றார்.
நாற்பத்தொன்று இருந்தன.
கழுதையின் பின்புறம், என் பூட்ஸ்,
அவள் வாயில் பாதிப் பேரீச்சை,
எல்லாம் அதற்கு முன்னால்
அல்லது அதற்குப் பின்னால்.
ஆவியில் மங்கிய சூப் கிண்ணத்தில் நிறுத்தினார்.
"இது நன்றாயிருக்கிறது. எவ்வளவு அங்கே?"
விலையைச் சொன்னேன்.
"அநியாயம்" என்றார்.

உள்ளங்கையில் கயிறு உரசிய கோடு
இன்னும் லேசாக எரிகிறது, சோப்புப் பட்டால்.
வரும் வெள்ளி பனி விழும் என்கிறார்கள்.
கேமராவுக்கு மின்கலம் ஏற்றவில்லை.
கயிற்றை மட்டும் பால்கனியில் உலர விட்டிருக்கிறேன்.