ஒரு நாளைக்கு ஒரு முழம்

பொன்னிலிருந்து போனேன்.
தங்கமில்லை, ஊர்ப் பெயர்.
தபால் பிரிக்கும் வேலைக்கு மூன்று நாள் விடுப்பு.
கடன் வாங்கிய ரப்பர் சப்பாத்து, ஒரு அளவு பெரியது.

ஆர் ஆறு ஓர் இரவில் எழுந்து
டெர்னாவின் வீடுகளுக்குள் நடந்து பார்த்துவிட்டுத்
திரும்பிப் போயிருந்தது.
அது நின்ற உயரம்
மாடிச் சுவரில் பழுப்புக் கோடாக.

ஹில்ட்ரூட்டின் நிலவறை வாசலில்
பம்பைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி.
லொரெட்டா. ஆர்கன்சாக்காரி.
ராம்ஸ்டைன் படைத்தளத்திலிருந்து
சொந்த வண்டி, சொந்த டீசல், சொந்த விடுமுறை.
"ஒரே மூச்சில் உறிஞ்சிவிடலாம்" என்றாள்.

"வேண்டாம்" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.
முழங்கையிலிருந்து விரல்நுனி வரை தொட்டுக் காட்டினான்,
அசல் நம்ம முழம்.
"ஒரு நாளைக்கு இவ்வளவு.
வெளியே மண் இன்னும் தண்ணீர் குடித்துக் கிடக்கிறது.
உள்ளே காலியானால் சுவர் சாயும்.
எங்கள் வீட்டில் சாய்ந்தது."
ஷம்ரோஸ். நௌஷேரா. இரண்டாயிரத்துப் பத்து.
இப்போது ஆஃபன்பாக்கில் டாக்சி.

அவள் அவனைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள்.
பம்பைக் கீழே வைத்தாள்.

மூன்றாம் நாள் தரை தெரிந்தது.
தரை முழுக்க ஒயின்.
எண்ணூற்றுச் சொச்சம் போத்தல்,
சேற்றில் புதைந்த விலாங்குகள் மாதிரி.
படிக்கட்டில் வரிசை கட்டினோம்:
கீழே ஷம்ரோஸ், நடுவில் அவள், மேலே நான்.
ஜெர்மன்தான் பொது மொழி,
மூவரிடமும் மூன்று விதமாக நொண்டியது.
"வைட்டர்" என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது.
வைட்டர். அடுத்தது. வைட்டர்.

அவன் ஐந்து வேளை தொழுகிறவன், தொட்டதில்லை.
அவள் பாப்டிஸ்ட், தொட்டதில்லை.
எனக்குச் சர்க்கரை.
ஊர் கூடித் தேர் இழுக்கலாம் என்பார்கள்;
குடிக்காத மூன்று பேர் கூடி
ஒரு மதுக் கிடங்கைக் கரையேற்றினோம்.
விஷயம் தெரிந்ததும் ஹில்ட்ரூட்
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து சிரித்தாள்,
கண்ணில் நீர் வரும்வரை, வந்த பிறகும்.

அப்போதுதான் ஹெலிகாப்டர்.
மேலே, தாழ்வாக, திராட்சைச் சரிவை ஒட்டி.
போத்தல் அவன் கையிலேயே நின்றது.

"என் மனைவிக்கு மீரான்ஷா" என்றான்.
"வானத்தில் சத்தம் கேட்டால்
அங்கே ஓடி ஒளிவார்கள்.
அதே வருஷம் எங்கள் ஊரில்
சத்தம் கேட்டால் வெளியே ஓடி வந்தோம்.
மாவு மூட்டை இறங்கும்.
இரண்டும் உங்களுடையது."

"நான் கிடங்கில் கணக்கெழுதுகிறேன்" என்றாள் லொரெட்டா.
"மாவு என் நோட்டில் வரும். மற்றது..."
முடிக்கவில்லை.
முடிக்காததை அவனும் கேட்கவில்லை.
சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் போனது.
கையை நீட்டினாள்.
கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தாள்.
பிறகு, வைட்டர்.

நண்பர்களானார்கள் என்று எழுத முடியாது.
பிறந்தநாளுக்கு அவள் அனுப்பிய கேக்கில்
ஜெலட்டின் என்று அவன் திருப்பிக் கொடுத்தான்.
அவள் ஒரு மாதம் பேசவில்லை.

மறு ஆகஸ்டில் நௌஷேராவில் மறுபடி வெள்ளம்.
முதல் அழைப்பு அவளிடமிருந்து:
"எத்தனை பம்ப் வேண்டும்?"
அவளுடைய தேவாலயம் இரண்டு,
ஆஃபன்பாக் டாக்சிக்காரர்கள் மூன்று,
ஹில்ட்ரூட் ஒன்று, ஒயின் விற்ற காசில்.
அதை மட்டும் ஷம்ரோஸுக்குச் சொல்லவில்லை.
படிவங்கள் நிரப்பியது நான்;
தபால்காரனுக்கு அது ஒன்றுதான் வரும்.

கராச்சிச் சுங்கத்தில் நாற்பது நாள் கிடந்தன.
ஒன்றுக்கு வயர் இல்லாமல் போய்ச் சேர்ந்தது.

அனுப்புவதற்கு முன் பெட்டிகளின்மேல் தடித்த பேனாவில்
அவன் பஷ்தோவில் எழுதினான்,
அவள் ஆங்கிலத்தில்:
ஒரு நாளைக்கு ஒரு முழம், அவசரப்படாதீர்கள்.
கீழே நான் தமிழில் எழுதினேன்.
"அங்கே இதை யார் வாசிப்பார்கள்?" என்றாள்.

இடம் மிச்சமிருந்தது என்றேன்.