சிலிண்டர் கணக்கு

காலண்டரின் பின்பக்கத்தில்
நான் எழுதி வைப்பது இரண்டே வரிசை:
சிலிண்டர் மாட்டிய தேதி,
தீர்ந்த தேதி.
அறுபத்தொன்று, அறுபத்துநாலு,
ஐப்பசி மழைக்கு ஐம்பத்தெட்டு.
கம்பெனியில் அளவு பார்க்கிற வேலை எனக்கு.
மார்புச் சுற்றில் அரை இஞ்ச் பிசகினாலும்
பீஸைத் தனியே எடுத்துப் போடுகிற கை
வீட்டுக்கு வந்தும் சும்மா இருப்பதில்லை.

பெரிச்சிபாளையத்தில் லைன் வீடு.
ஆறு கதவு, ஒரு மோட்டார்,
யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் வாங்குகிற ஓனர்.
நல்லதண்ணி எட்டு நாளைக்கு ஒருக்கா.
அரிசி களைந்த தண்ணியில் கீரை அலசி,
கீரை அலசியதில் தட்டு முக்கி,
கடைசியில் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போகும்போது
தான் குடத்தில் இருந்ததையே
அந்தத் தண்ணி மறந்திருக்கும்.

எங்கள் தலகாணிக்குள் கட்டிங் வேஸ்ட்.
ஜெர்மனிக்குப் போன பனியன்களில்
வெட்டி எடுத்த கழுத்துகள் மேல்தான்
தலை வைத்துத் தூங்குகிறோம்.

சோப்புச் சில்லைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டுவேன்.
பேஸ்ட் டியூபை, பிசிறு வெட்டும் கத்தரியால்
வகுந்து இன்னும் நாலு நாள் ஓட்டுவேன்.
கலாமணி சிரிப்பாள்.
சிரிக்கிறவள்தான்
கொள்ளுப் பயிறை முந்தின ராத்திரியே ஊறப்போட்டு
மூணு விசிலில் அணைத்து
மிச்ச வேலையைச் சூட்டிடம் விடுகிறவள்.
மாசக் கடைசியில் அரிசிம்பருப்பு:
ஒரே குக்கர், ஒரே தீ,
மேலே ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய்.
கறிக்குழம்பே இதற்குத் தோற்கும் என்று
மகனை நம்பவைக்க வேண்டும்.
அது பொய்யும் இல்லை.

தை மாசத்துச் சிலிண்டர்
நாற்பத்துமூணாம் நாள் நின்றது.
பாலுக்கு வைத்த தீ
ஒரு விக்கல் விக்கி அடங்கியது.
ட்யூபை மோந்தேன்.
சோப்பு நுரை தடவினேன், ஒரு குமிழி இல்லை.
எடை குறைச்சல் என்று டெலிவரிப் பையனிடம் சண்டை.
அவன் தராசை மாட்டிக் காட்டினான்.
"ஒரம்பரை வந்திருப்பாங்கங்ண்ணா."
வரவில்லை.
பொங்கலுக்கு நாங்கள்தான் போனோம், ரெண்டு நாள்,
அதையும் கழித்துத்தான் சொல்கிறேன்.

அடுத்ததற்கு ஈரத்துணியால்
தினம் ஒரு கோடு இழுத்தேன்.
ஈரம் எதுவரை காயாமல் நிற்கிறதோ
அதுவரை கேஸ்.
டெய்லர் சாக்கில் குறி வைத்தேன்.
நைட் ஷிப்ட் போன வாரம் மட்டும்
குறி ரெண்டு விரல் கூடுதலாய் இறங்கியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஏரியாவுக்கே கரண்ட் இல்லை.
ரெண்டு மணிக்கு ஷிப்டை விட்டுவிட்டார்கள்.
சந்தே இருட்டு.
எங்கள் அடுப்படியில் மட்டும் நீலமாய் ஒரு வளையம்,
அதன் மேல் வெந்துகொண்டிருந்தன
யாருடையவோ பால்புட்டிகள்.

அஞ்சாம் கதவு மினதி.
ஒடிசாவிலிருந்து வந்து ஒன்றரை வருசம்,
மடியில் மூணு மாசப் பெண்குழந்தை.
கிலோக் கணக்கில் கடையில் நிரப்புகிற
அவளுடைய குட்டிச் சிலிண்டர்
பாதி ராத்திரியில் தீர்ந்தால்
எந்தக் கடைக்குப் போவாள்?
அவளுக்கும் கலாமணிக்கும் பொதுவாய் இருந்தது
தண்ணி, சூடு, பாப்பா,
மூணே வார்த்தை.
அதிலும் சிக்கனம்தான்.

கலாமணி என்னைப் பார்த்தாள்.
சாக் கோட்டைப் பார்த்தாள்.
"போச்சாது,
நாளைக்கும் அரிசிம்பருப்பே ஆக்கிக்கலாம்" என்றாள்.
நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.
"தண்ணி காஞ்சிருச்சு, தீயைக் குறை" என்று மட்டும் சொன்னேன்.
அது கோபமில்லை,
பழக்கம்.

நாற்பத்தாறாம் நாள் தீர்ந்தது.
நாற்பத்தாறு என்றே எழுதினேன்.
தனியே எடுத்துப் போடவில்லை.
அன்றைக்குச் சாயங்காலம் மினதி
ஊரிலிருந்து வந்த பொரி ஒரு பை கொண்டுவந்தாள்.
நம்மூர்ப் பொரியைவிடக் கொஞ்சம் உப்பு.
காலண்டரில் அதற்கு வரிசை இல்லை.
பேனா கையில் இருக்க
நான் யோசித்துக்கொண்டிருந்தேன்,
மகன் பாதிப் பையைத் தின்றுவிட்டான்.